பலாலி எவ்வளவு தூரம்?



யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து நம் இதழுக்குத் தவறாமல் கடிதம் எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தாளில் ஒரு விரற்கடை இடம்கூட வீணாகாமல் நுணுக்கி எழுதுவார். கதை பிடித்திருந்தால் இரண்டு வரி பாராட்டு இருக்கும். வல்லினம் மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருந்தால் பக்க எண்ணோடு அதையும் சொல்வார். அவர் கடிதம் வந்தால் எங்கள் மெய்ப்புத் திருத்துநர்தான் முதலில் வாங்கிப் படிப்பார்.

சில மாதங்களுக்கு முன் வந்த கடிதத்தில் பிழை எதுவும் சுட்டப்படவில்லை. ஒரு கேள்வி மட்டும் இருந்தது. ஏழாம் வகுப்பில் படிக்கும் பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் வீட்டுவேலை கொடுத்திருக்கிறார்கள்: யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு மிகக் கிட்டிய பெரிய விமான நிலையம் எது, அதற்குள்ள தூரம் எவ்வளவு, பயண நேரம் எவ்வளவு? பையன் விசாரித்ததில் திருச்சி என்பது வரைக்கும் குழப்பமில்லை. தூரத்தில் குழப்பம். ஓரிடத்தில் 184 கிலோமீட்டர் என்றும் இன்னோரிடத்தில் 190 என்றும் கிடைத்திருக்கிறது. நேரத்தில் அதைவிடப் பெரிய குழப்பம். அப்பா ஒரு மணித்தியாலம் என்றிருக்கிறார். அம்மம்மா இரண்டு நாள் என்றிருக்கிறார்.

"பெடியன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் பிழையாச் சொல்லேல்லை எண்டு நீங்களாவது எழுதுங்கோ பிள்ளை" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

எழுதுகிறேன், டீச்சர். பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் பேரனுக்கு. உலக உருண்டையை எடுத்துத் திருச்சி விமான நிலையத்தில் ஒரு நூலின் நுனியை வைத்து, மறுநுனியைப் பலாலியில் இழுத்துப் பிடித்தால் கிடைப்பது சுமார் 184 கிலோமீட்டர். விமானம் ஓட்டுபவர்கள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. அவர்கள் கணக்கு கடல் மைல். பூமியின் அட்சரேகையில் ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறின் நீளம்தான் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே ஏறக்குறைய நூறு கடல் மைல். மனப்பாடம் செய்யவே வேண்டாம், தம்பி. 190 என்று உனக்குக் கிடைத்தது விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரமில்லை, திருச்சி நகரத்துக்கும் யாழ்ப்பாண நகரத்துக்கும் இடையே உள்ள தூரம். இரண்டுமே சரி. எங்கிருந்து எதுவரை என்று சேர்த்து எழுதினால் போதும்.

நூலை எடுத்துவிடாமல் அது எந்த ஊர்களின் மேல் கிடக்கிறது என்றும் பாருங்கள். திருச்சியிலிருந்து தென்கிழக்கே போய்க் கந்தர்வக்கோட்டைப் பக்கமாகக் கடந்து, பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே இறங்கி, அதிராம்பட்டினம் அருகே கரையைத் தொடுகிறது. அங்கே பாதி தூரம் முடிந்துவிடும். மீதிப் பாதி பாக்கு நீரிணை. எங்கள் ஊரான திருச்சியிலிருந்து பலாலி போவதில் பாதிப் பயணம் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டத்து வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் மேலேதான்.

கணக்குப் போட உட்கார்ந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் 290 கிலோமீட்டருக்கு மேல். மதுரைக்காரர்களுக்குப் பலாலி 215 கிலோமீட்டருக்கு மேல். கோயம்புத்தூர் எங்களுக்கு எவ்வளவு தூரமோ, பலாலியும் கிட்டத்தட்ட அவ்வளவே. கோவைக்குப் போகிறேன் என்று சொல்லி வீட்டில் யாரும் கண் கலங்கி வழியனுப்புவதில்லை. யாழ்ப்பாணத்துக் கணக்கு இன்னும் வியப்பு. பலாலியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் 290 கிலோமீட்டர். அவர்களுக்குத் தங்கள் தலைநகரத்து விமான நிலையத்தைவிட நூறு கிலோமீட்டர் பக்கத்தில் இருப்பது திருச்சி.

இனி நேரம். இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72 என்ற, இருபுறமும் விசிறி சுழலும் விமானம். எழுபதுக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். நடுவானில் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தால் 22 நிமிடம் வரும். ஆனால் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். ஏன்? நின்றிருக்கும் விமானத்தின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுக்கும் நொடியில் அவர்கள் கடிகாரம் தொடங்குகிறது. இறங்கிய இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்போதுதான் முடிகிறது. நடுவே ஓடுபாதைவரை ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், கடலுக்கு மேலே இந்திய வான்கட்டுப்பாடு கொழும்பு வான்கட்டுப்பாட்டிடம் விமானத்தை ஒப்படைக்க வேண்டும், காற்று வீசும் திசை பார்த்துச் சுற்றி வந்து இறங்க வேண்டும். குறுகிய பயணத்தில் விமானம் முழு வேகத்தில் போகும் நேரமே கொஞ்சம்தான். ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடும்.

ஆக, பேரனின் அப்பா சொன்னது சரி. ஒரு மணித்தியாலம்.

அம்மம்மா சொன்னதும் சரி. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத வந்தேன்.

ஒரு காலத்தில் திருச்சி சந்திப்பில் போட் மெயில் ஏறினால் யாழ்ப்பாணம் போய்விடலாம். எழும்பூரிலிருந்து வரும் அந்த ரயில் பாம்பன் பாலம் கடந்து தனுஷ்கோடிக்குப் போகும். அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினால் மறுபடி ரயில். யாழ்ப்பாணம் போகிறவர்கள் தெற்கே மதவாச்சிவரை போய், அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டும். 1914-இல் தொடங்கிய அந்த வழியைத் தனுஷ்கோடியில் 1964 டிசம்பர்ப் புயல் அறுத்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. போர் மூண்டதும் அதுவும் நின்றது.

வானத்து வழியும் புதிதல்ல. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை போட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் பறந்தபோது, வழியில் காங்கேசன்துறையில் இறங்கித்தான் போனது. காங்கேசன்துறை நிலையம் என்று அன்று அழைக்கப்பட்டது இதே பலாலிதான். 'சீதாதேவி' என்று பெயரிட்ட டகோட்டா விமானம் அது. இலங்கை சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த நாட்டு நிறுவனத்தின் விமானம் வெளிநாட்டுக்குப் போன முதல் வழியிலேயே யாழ்ப்பாணம் இருந்திருக்கிறது என்பதை நினைக்க எனக்கு ஆறவில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1990-இல் பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்கள் காலியாயின. யாழ்தேவி ரயில் நின்றது. ஏ9 சாலை மூடியது. குடாநாட்டு மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தார்கள். பலாலியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் விமானம் போன காலமும் உண்டு. 1998 செப்டம்பர் 29 அன்று அப்படிப் புறப்பட்ட விமானம் ஒன்று மன்னார்ப் பக்கம் கடலில் விழுந்தது. ஏறியிருந்த 55 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஏ9 2002-இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது.

அந்த ஆண்டுகளில் கடிகாரம்கூட ஒத்துப்போகவில்லை. 1996-இல் இலங்கை அரசு நேரத்தை முன்னே தள்ளிவைத்தது. முதலில் ஒரு மணி நேரம், சில மாதத்தில் அதை அரை மணியாகக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்தாண்டும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்தையே வைத்திருந்தது. தெற்கிலிருந்து ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடக்கிறவர்கள் கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்பிக்கொள்வார்கள். கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், ஒரே வெயிலில் இருக்கும் மக்களுக்கு இரண்டு நேரம். இன்று திருச்சியில் பன்னிரண்டு என்றால் பலாலியிலும் பன்னிரண்டு. நான் பலாலியில் இறங்கியபோது கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. சின்ன விஷயம்தான். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

போர் முடிந்த பிறகும் 'இரண்டு நாள்' மாறவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வர வேண்டுமென்றால் மாலையில் பஸ் ஏறி, இரவு முழுக்கத் தெற்கே போய், விடிந்ததும் கட்டுநாயக்கவில் காத்திருந்து, அங்கிருந்து வடக்கே பறக்க வேண்டும். அந்த விமானம் யாழ்ப்பாணத்தின் அட்சரேகையைத் தாண்டி மேலே போய்த்தான் திருச்சியில் இறங்கும். முதல் நாள் மாலை எந்த இடத்திலிருந்து கிளம்பினோமோ அதற்கு நேர் மேற்கே வந்துவிட்டு, இன்னும் மேலே போகிற பயணம். வானில் அளந்தால் 290-ம் 417-ம் சேர்த்து 700 கிலோமீட்டருக்கு மேல். போக வேண்டியிருந்தது 184.

டீச்சரின் அண்ணன் திருச்சி உறையூரில் குடியேறியவர். பெரிய கடைவீதியில் கடை வைத்திருந்தார். 1993-இல் அவர் இறந்தார். இங்கிருந்து எழுதிய கடிதம் கொக்குவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது செத்தவீடு மட்டுமல்ல, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. கடிதத்தைப் படித்த நாளைத்தான் அவர் அண்ணன் இறந்த நாளாக இன்றும் வைத்திருக்கிறார். பழைய கடிதம் ஒன்றில் இதை ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் நம் தொடர்கதையைப் பற்றிப் பேசியிருந்தார். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நம் ஊரில் தூரத்தை நிஜமாக அளப்பது இப்படித்தான். சாவுச் செய்தி வந்தால் எடுப்பதற்கு முன் போய் முகம் பார்க்க முடியுமா? முடியுமென்றால் அது பக்கத்து ஊர். கோவை நமக்குப் பக்கத்து ஊர். அதே தூரத்திலிருந்த பலாலி மூன்று தலைமுறைக்கு எட்டாத ஊராக இருந்தது. கடல் அகலமாகிவிடவில்லை. கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே அன்றும் 55 கிலோமீட்டர், இன்றும் 55 கிலோமீட்டர்.

மனிதர்களைப் பிரிக்க முடிந்தவர்களால் ஒலியைப் பிரிக்க முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி யாழ்ப்பாணத்தில் தெளிவாகக் கேட்கும். அங்கே பல வீடுகளில் கச்சேரி கேட்கத் திருச்சியைத்தான் திருப்பி வைப்பார்கள். இங்கே எங்கள் வீட்டில் என் அம்மா சமையலறை ஜன்னலில் ரேடியோவை வைத்து இலங்கை வானொலியைத் திருகுவார். காலையில் அங்கிருந்து பாட்டு இங்கே வரும், மாலையில் இங்கிருந்து பாட்டு அங்கே போகும். இதழ்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 70-களில் தமிழ்நாட்டு இதழ்களை இறக்குமதி செய்ய இலங்கை அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இத்தனைக்கும் 1849-இல் ஆறுமுக நாவலர் சென்னைக்கு வந்து அச்சு யந்திரம் வாங்கிக் கடல் வழியாக யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைக்குக் கொண்டுபோனார். 1864-இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடமும் தொடங்கினார். சைவ நூல்களைச் சுத்தமான பதிப்பாக நம் கையில் கொடுத்ததில் அந்தப் பயணங்களுக்குப் பங்குண்டு. அச்சுத் தொழிலில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் அந்தக் கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை விமானம் ஓடத் தொடங்கியது. சில மாதத்தில் கொரோனா. 2022 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கினார்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல். 110 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடக்கும், கடல் கொந்தளித்தால் நிற்கும். 2025 மார்ச் 30 முதல் திருச்சி–பலாலி விமானம்.

தொடங்கிய சில வாரங்களில் நான் அதில் போனேன். டீச்சரின் கேள்விக்குப் பதிலை அளந்து பார்த்தே எழுதுவது என்று முடிவு.

காலை பத்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும். புதுக்கோட்டை சாலையில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பல ஆண்டுகளாக அந்தக் கூரைகளுக்கு மேலே விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். இப்போது அவற்றில் ஒன்று அவர்கள் ஊருக்கே போகிறது. ஆனால் அவர்களால் நினைத்த மாத்திரத்தில் அதில் ஏற முடியாது. கடவுச்சீட்டு வேண்டும், நாட்டைவிட்டு வெளியேற அனுமதி வேண்டும். படகில் வந்தவர்களிடமும் இங்கேயே பிறந்தவர்களிடமும் அந்தக் காகிதங்கள் எளிதாக இருப்பதில்லை. தொட்டுவிடும் தூரத்தில் இருக்கும் அவர்களுக்குத்தான் பலாலி இன்னும் மிகத் தொலைவில் இருக்கிறது. இந்த வழி திறந்ததைக் கொண்டாடும் நாம் அவர்களுக்காகப் பேசவும் வேண்டும்.

விமானத்தில் எனக்கு முன் வரிசையில் கலியாணப் புடவைகள் வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு தாயும் மகளும். பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கோப்பை மடியைவிட்டு இறக்காத ஒரு பெரியவர். சமயபுரமும் திருநள்ளாறும் போய்விட்டு நெற்றி நிறையத் திருநீறோடு நாலைந்து பேர். விமானம் கரையைத் தாண்டியதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். பச்சையும் பழுப்புமாக மணல் தெரிகிறது. நான் அதைப் பார்த்து முடிப்பதற்குள் பனைகள் வந்துவிட்டன.

பலாலி மண் சிவப்பு. வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த தோட்டத்து மண். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள காணிகளில் ஒரு பகுதியை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னொரு பகுதி இன்னும் இராணுவத்திடமே இருக்கிறது. மயிலிட்டியிலும் பலாலியிலும் பிறந்து, முகாமிலும் உறவினர் வீட்டிலும் முதுமை அடைந்தவர்கள் தங்கள் கிணற்றடிக்குப் போக இன்னும் காத்திருக்கிறார்கள். ஓடுபாதை நீள வேண்டும் என்று பயணிகளான நாம் ஆசைப்படுவோம். நீளுகிற ஒவ்வோர் அடிக்கும் கீழே யாருடைய தோட்டம் இருக்கிறது என்று கேட்டுவிட்டே ஆசைப்பட வேண்டும். உரிய காணியை உரியவரிடம் சேர்த்துவிட்டு நிலையத்தை வளர்த்தால் இந்த வழி நிலைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாலு மணிக்குக் கொக்குவிலில் டீச்சர் வீட்டுப் படலையைத் திறந்தேன். வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆறு மணி நேரம். தம்பி, இதையும் குறித்துக்கொள்: பறந்தது ஒரு மணி, மீதி ஐந்தும் தரையில்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டார். பத்து மணி என்றேன். "இண்டைக்குக் காலமையோ?" என்று மறுபடி கேட்டார். ஆம் என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அண்ணனை நினைத்திருப்பார். பிறகு, "இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி கொண்டாறன்" என்று எழுந்து உள்ளே போனார்.

தேநீரும் பருத்தித்துறை வடையும் வந்தன. நான் பையிலிருந்து நம் இதழை எடுத்துக் கொடுத்தேன். அன்று காலைதான் அச்சகத்திலிருந்து வந்திருந்தது. அவர் அட்டையைப் பார்க்கவில்லை. நடுவில் பிரித்து முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார்.

"மை வாசம் போகேல்லை" என்றார். "நான் இதை எப்பவும் ஒரு மாதம் பிந்தித்தான் பார்க்கிறனான்."

பேரன் கொப்பியோடு வந்து பக்கத்தில் நின்றான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடர்கதையின் பக்கத்தைத் தேட ஆரம்பித்திருந்தார்.